லாபமும் லாப்பானும்

எந்த ஊரிலும் எனக்கு ஒரு வருடம் நிறைந்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்டவன். கித்தா வெட்டினேன், ரப்பர் மரத்தில் பால் எடுப்பது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். சிரம்பானில் மரம் ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தேன். லாரி கவிழ்ந்து இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்றே அங்கிருந்து கிளம்பிவிட்டேன். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது. மழை நாளில் வலிக்கும், மற்றபடி தொந்தரவு இல்லை.

மலாக்காவுக்கு வந்தது தெங்கேராவில் ஒரு நாகூர்க்காரரின் மளிகைக் கடையில் அரிசி அளக்க. வேலை சுலபம்தான். மூட்டையைப் பிரித்துக் கந்தாங் என்கிற படியால் அளந்து கொட்ட வேண்டும், கொட்டும்போது எண்ண வேண்டும். முதல் கந்தாங்குக்கு மட்டும் ‘ஒண்ணு’ என்று சொல்லக் கூடாது, ‘லாபம்’ என்று சொல்ல வேண்டும். பிறகு ரெண்டு, மூணு. முதலாளி கல்லாவில் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்பார். நான் இரண்டொரு முறை மறந்து ‘ஒண்ணு’ என்றபோது அளந்ததை மூட்டையிலேயே திருப்பிக் கொட்டி மறுபடி அளக்கச் சொன்னார். ஐந்து மாதம் லாபம் லாபம் என்று சொல்லி வாய் அதற்குப் பழகிவிட்டது. கால்தான் பழகவில்லை. கடைக்கு முன்னால் பஸ் போகும்போதெல்லாம் அது எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முதலாளியே, “தம்பி, நீ அரிசியப் பாக்கறதவிட ரோட்டப் பாக்கறதுதான் அதிகம்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நானும் கோபமில்லாமல் கிளம்பினேன்.

மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த காலம். எங்கே பார்த்தாலும் எதையாவது கட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணைச் சோதிக்கும் ஒரு கம்பெனிக்குச் சம்மட்டி அடிக்க ஆள் வேண்டும் என்று கோப்பிக்கடையில் கேள்விப்பட்டுப் போனேன். சம்மட்டி அடிப்பது தெரியுமா என்று கூடக் கேட்கவில்லை, தோளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போகிற வேலை என்றார்கள். எனக்கு அது போதும்.

முதல் வேலை காஜா பெராங்கில். அங்கே மேட்டுப் பக்கம் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டப்போகிறார்கள், நாலு காலில் நிற்கிற உயரமான தொட்டி. அதைத் தாங்க அடியில் கல் வேண்டும். கல் எந்த இடத்தில் எத்தனை அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது கம்பெனியின் வேலை.

தங்க இடம் தேடியபோது மாடு வளர்த்துப் பால் விற்கிற ஓர் அக்காவின் கொட்டகையைக் காட்டினார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். தோட்டத்தை விட்டு வந்தவள். புருஷன் ஜொகூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர் போனவர்தான். ஐந்து மாடு, ஒரு கன்று, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை, அதை ஒட்டி ஒரு வீடு. பலகை வீடு. ஒவ்வொரு பலகையும் வேறு வேறு நிறம், அங்கங்கே கிடைத்ததைக் கொண்டுவந்து அவளே அடித்தது.

“இங்க படுத்துக்கலாம் தம்பி. ஆனா மாடு ராத்திரி மூத்திரம் பேஞ்சா எழுந்து என்னைத் திட்டக் கூடாது. மாட்டத்தான் திட்டணும்.”

“நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்கா.”

“உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. செருப்பக் கழட்டாமலே பேசறியே.”

இரண்டாம் நாள் கம்பெனித் துரை வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்த வெள்ளைக்காரர், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. நானும் அவரும் மட்டும் போய் எட்டு இடத்தில் கட்டை அடித்தோம். பள்ளத்தில் ஒரு தென்னந்தோப்பு, ஆள் இல்லாமல் கிடந்தது. அங்கே முதல் கட்டை. அங்கிருந்து மேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வந்து எட்டாவது கட்டையை அடித்தது அக்காவின் கொட்டகை வாசலுக்குப் பக்கத்தில். துரை வரைபடத்தில் ஒன்று முதல் எட்டு வரை எழுதிக்கொண்டார். கட்டையில் எண் எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

துரை போனதும் அக்கா வந்து கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

மறைக்கத் தோன்றவில்லை. எட்டு இடத்தில் எங்கே கல் மேலே இருக்கிறதோ அங்கே தொட்டி வரும் என்றேன்.

“இங்க இருந்தா?”

“இங்க வரும்.”

“அப்ப நானு?”

நிலம் அரசாங்கத்துடையது. கிராண்ட், அதாவது பட்டா, கிடையாது. காலி செய் என்று ஒரு தாள் வந்தால் அவள் காலி செய்ய வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் திரும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “கல்லு எங்க இருக்குன்னு சொல்லுச்சா?”

துரை கோலாலம்பூர் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார். அளக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவன். காஜா பெராங் செட்டி வீட்டுப் பையன், பல நூறு வருடத்துக்கு முன் வந்து குடியேறிய தமிழர் வம்சம், இருபத்திரண்டு வயது. நெற்றியில் திருநீறு, ஆனால் தமிழ் பேச வராது; வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய், நடுவில் நாலு தமிழ்ச் சொல். அதனால் எங்களுக்குள் பேச்சு முழுக்க மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே நான் சீண்டினேன். “சாமி நம்ம சாமி, நாக்கு மட்டும் ஏன் இப்படி?”

“எங்க ஆளுங்க வந்தப்போ உங்க கப்பலுக்கு மரமே வெட்டலை. இன்னும் கொஞ்ச நாள் இரு. உன் பேரன் என்னைவிட மோசமாப் பேசுவான்.”

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம்.

வேலை இப்படி. மண்ணில் ஒரு சின்னக் கருவியைக் குத்தி வைப்போம். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர், நாங்கள் காது என்றோம். காதிலிருந்து கம்பி பெட்டிக்குப் போகும். பத்தடி தள்ளி நான் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பேன். சம்மட்டியிலும் ஒரு கம்பி. அடித்த நொடியில் பெட்டி எண்ணத் தொடங்கும், அதிர்வு காதுக்கு வந்ததும் நிறுத்தும். பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள். எரிகிற விளக்குகளின் எண்களைக் கூட்டினால் நேரம். விநாடியை ஆயிரமாக நறுக்கிய துண்டுகளில். பிறகு இருபதடியில் அடி, முப்பதடியில் அடி, அப்படியே நூற்றறுபது அடி வரைக்கும். கிராணி நேரத்தைச் சத்தமாகச் சொல்லித் தாளில் எழுதுவான். ஓர் இடத்துக்கு ஒரு தாள்.

தூரமும் நேரமும் தெரிந்தால் கல் எத்தனை அடியில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முதலில் எனக்கு விளங்கவில்லை. கிராணி தனக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொன்னான்: மண்ணில் அதிர்வு மெதுவாகப் போகும், கல்லில் வேகமாகப் போகும். அதை வைத்துக்கொண்டு நடந்து நடந்து யோசித்தேன். காஜா பெராங் கம்போங்குக்குள் ஒருவன் சேற்றுப் பாதையில் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நேரே நடந்துவிடுவான். அதே ஆள் தெங்கேராவுக்குப் போக வேண்டுமென்றால் தார் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிப்பான். ரோட்டுக்கு நடப்பது வீண்தான், ஆனால் பஸ் அதைச் சரிக்கட்டிவிடும். அடியில் இருக்கிற கல்தான் தார் ரோடு. பக்கத்தில் அடித்தால் அதிர்வு மேல் மண்ணிலேயே நடந்து வருகிறது. தூரத்தில் அடித்தால் அது கீழே இறங்கி, கல்லின் மேல் ஓடி, மறுபடி ஏறி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. எத்தனை அடி தூரத்திலிருந்து பஸ் பிடிப்பது லாபமாகிறது என்று தெரிந்தால் ரோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ரோடு பக்கத்திலேயே இருந்தால் முப்பது அடிக்கே பஸ் பிடிப்பான்.

இதைக் கிராணியிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ எதுக்குச் சம்மட்டி அடிக்கறே?” என்றான்.

முதல் இடம் தென்னந்தோப்பு. எந்த இடம் எந்த எண் என்று எனக்குத்தான் தெரியும், கட்டை அடித்தவன் நான். தொடங்கும் முன் எண்ணை மலாயில் கத்த வேண்டும், அவன் தாளின் தலையில் எழுதிக்கொள்வான். நான் கத்திவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். மண் பொதபொதவென்று இருந்தது. தட்டு ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போயிற்று, பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு டுவா, தீகா, அம்பாட், அதாவது ரெண்டு, மூணு, நாலு என்று மேட்டில் ஏறிக்கொண்டே போனோம். இரண்டாம் நாள் சாயந்திரம் ஏழாவது முடிந்தது. ஆயர் குரோ காட்டுப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. எட்டாவதை ஓடி ஓடிச் செய்தோம். எண்ணைக் கத்தக்கூட நிற்கவில்லை. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. அங்கே சம்மட்டி துள்ளியது, கோணல் மணிக்கட்டு வரை அதிர்ந்தது. கிராணி சொன்ன நேரங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம்: பத்தடியில் ஆறு, இருபதில் பன்னிரண்டு, முப்பதில் பதினைந்து, நாற்பதில் பதினாறு, ஐம்பதில் பதினேழு.

“நேரத்துக்கு ஏறி ஏறி அலுத்துப்போச்சு போல” என்றேன். மழைத் துளி விழ ஆரம்பித்தது. நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் குனிந்தபடி தாள்களைப் புரட்டி, “லாப்பான் சுடா?” என்று கத்தினான். எட்டு ஆயிற்றா என்று கேட்கிறான்.

“சுடா! ஹாபிஸ்!” என்றேன். ஆயிற்று, முடிந்தது.

மூன்று வாரம் கழித்துத் துரை வரைபடத்தோடு வந்தார். தென்னந்தோப்பில் பதினோரு அடியில் கல். மேடு ஏறினால் எங்கும் இருபத்தைந்து, முப்பது அடி. எட்டாவது இடத்தில் நாற்பது அடி ஆழத்தில். தொட்டி தென்னந்தோப்பில்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எங்கேயும் ஓடாதவன், விட்டுப் போவதற்கு மட்டும் ஓடுகிறவன், அன்று சொல்வதற்கு ஓடினேன். அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பிறகு, “உன் பெட்டிக்கு நல்ல புத்தி லா” என்றாள். மறுநாளே கொட்டகையின் அத்தாப்பைப் பிரிக்க ஆள் கூப்பிட்டாள். தகரக் கூரை போடப்போகிறாளாம். ஏழு வருடமாகப் போட நினைத்தது, நிலைக்குமா நிலைக்காதா என்று போடாமல் விட்டதாம்.

எனக்கு மட்டும் எதுவோ உறுத்திக்கொண்டிருந்தது. கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் கை இருக்கிறது. பதினோரு அடியில் கல் இருக்கிற இடத்தில் தட்டு ஏன் சேற்றில் புதைந்தது? மேல் மண் பொதபொதவென்று இருந்தாலும் அடியில் கல் இருக்கலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஊருக்கு எப்போது போவோம் என்று கிராணியைத் தினமும் கேட்டேன்.

ஒரு காலை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் தென்னந்தோப்புக்குப் போகிற லாரி கல் ஏற்றிக்கொண்டு போயிற்று.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றான் கிராணி. “துரை ஏன் எட்டுல ஆரம்பிச்சாரு?”

“எந்த எட்டு?”

“தோப்புல. முதல் நாள். நீதானே கத்தினே, லாப்பான்னு. அப்புறம் டுவா, தீகான்னு போனே. வெள்ளைக்காரன் எண்ணிக்கை அப்படித்தான் போலன்னு நானும் எழுதிட்டேன்.”

கிளாஸை வைத்தேன்.

“நான் லாப்பான்னு சொல்லல. லாபம்னு சொல்லியிருப்பேன்.”

“அது என்ன?”

“ஒண்ணு.”

“தமிழ்ல ஒண்ணுக்கு லாபமா?”

“தமிழ்ல ஒண்ணுக்கு ஒண்ணுதான்.”

“அப்புறம்?”

அரிசிக் கடையைப் பற்றிச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“கடைசியில நான் கேட்டேனே, லாப்பான் சுடான்னு. எட்டு ஏற்கெனவே ஆயிடுச்சான்னு கேட்டேன். தாள் இருந்துச்சு, எட்டுன்னு போட்டு. நீ ஆயிடுச்சுன்னு சொன்னே. ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. அதனால கடைசித் தாள்ல ஒண்ணுன்னு எழுதினேன்.”

“கடைசித் தாள் எந்த இடம்?”

“மாட்டுக் கொட்டகை.”

பத்தடியில் ஆறு, இருபதில் பன்னிரண்டு, முப்பதில் பதினைந்து. முப்பது அடிக்கே பஸ் பிடித்துவிட்டது. கல் அக்காவின் வீட்டுக்கு அடியில் இருக்கிறது. தொட்டியைச் சேற்றில் கட்டப்போகிறார்கள்.

“தோப்புக்குப் பின்னாடி எங்க பெரியம்மா வீடு” என்றான் அவன், மெதுவாக. இருவரும் எழுந்தோம், அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம்.

அன்று பஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். சிரம்பான் பஸ் நின்றது. ஏறி உட்காரவும் செய்தேன். நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கிராணிக்குப் புது வேலை, அவனாகச் சொன்னால் அவனைத்தான் முதலில் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் அவன் பெரியம்மா வீட்டு மேல் தொட்டி. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது இறங்கினேன். இறங்கியதும் துரையிடம் போயிருக்கலாம். போகவில்லை. கொட்டகைக்குப் போனேன்.

கூரை பாதி பிரிந்து கிடந்தது. வெயில் மாட்டின் முதுகில் நேரே விழுந்தது. அக்கா ஏணியின் கீழே நின்று மேலே இருந்த ஆளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லாபம், லாப்பான், தாள், சேறு.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“கிராணிக்கு.”

“அவன் சொல்லுவானா?”

“தெரியலக்கா. அவன் சொன்னா அவன் வேலை போயிடும்.”

“அப்ப நீ சொன்னாத்தான் உண்டு.” சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “தம்பி, நீ எந்த ஊருலயும் நிக்கறவன் இல்ல. நான் ஒன்னத் தப்பாச் சொல்லல, சில பேரு அப்படி. போயிடு. இன்னிக்கே போ. நீ போனத யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஒன்கிட்ட யாரும் எதையும் எதிர்பார்க்கல.”

அவள் அதைத் திட்டுவதுபோலச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சினாள்.

“தொட்டி சாஞ்சிடும்கா.”

“சாயுமா? சாயாமலும் இருக்கலாம்ல?”

“சேத்துல நிக்காது.”

“நீ என்ன இஞ்சினீரா? நாலாம் கிளாஸு.”

“சாஞ்சா தோப்புக்குப் பின்னாடி இருக்கற வீடுங்க மேல விழும். கிராணி வீட்டு சனம் பூரா அங்கதான் இருக்கு.”

அவள் வெளியே பார்த்தாள். மேலே ஏறியிருந்த ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே அத்தாப்பை வீசிக்கொண்டிருந்தான்.

“நேத்து சொல்லியிருந்தா கூரையவாவது பிரிச்சிருக்க மாட்டேன்” என்றாள். பிறகு, “உன் கஞ்சி அடுப்புல இருக்கு, நீயே ஊத்திக்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய் அந்த ஆளை இறங்கச் சொன்னாள்.

கஞ்சி குடிக்கவில்லை. கிராணியைத் தேடிக்கொண்டு போனேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு அவனே கிளம்பி வந்துகொண்டிருந்தான். “நானும் வரேன்” என்றான். சேர்ந்து போனோம். துரையிடம் அவன் பாதி இங்கிலீஷில் சொன்னான், நான் பாதி மலாயில். லாபம் என்றால் என்ன என்று துரை கேட்டார். ‘உந்தோங்’ என்று மலாயில் சொன்னான் கிராணி. துரை அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். சிரிக்கவில்லை. தாள் எழுதியது யார் என்று கேட்டார். எண்ணைத் தப்பாகக் கத்தியது நான் என்றேன். எழுதியது நான் என்றான் அவன். துரை இருவரையும் பார்த்துவிட்டு, கட்டையில் எண் எழுதாதது தன் தவறு என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றி எனக்கு வேறு நல்லது கெட்டது தெரியாது, இது தெரியும்.

ஒன்றாவது இடத்தையும் எட்டாவது இடத்தையும் மறுபடி செய்ய வேண்டும் என்றார். மறுநாள் தோப்பில் அடித்தேன். நேரம் ஏறிக்கொண்டே போயிற்று, தொண்ணூறு அடி வரை தளரவே இல்லை, கல் அவ்வளவு ஆழத்தில். துரை அங்கேயே லாரியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அக்கா வீட்டுக்குப் போனபோது ஐந்து மாடும் கொட்டகையில் நின்றன. அன்று அவள் மேய்ச்சலுக்கு விடவில்லை. காதைக் குத்தினோம். மாடு கால் மாற்றி வைத்தாலே பெட்டியில் விளக்குகள் எரிந்தன. நான் சம்மட்டியை ஓங்கும் முன்பே எரிந்தன. கிராணி நிறுத்தி நிறுத்திப் பார்த்தான், எதையும் எழுத முடியவில்லை.

“மாட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்” என்றார் துரை.

சொன்னேன்.

“மாட்டுக்கு இன்னிக்கு நடக்க இஷ்டமில்ல. துரைகிட்ட சொல்லு.”

“அக்கா.”

“நீ பேசாத. நீ இவங்க ஆளு.”

கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், அப்படியானால் நாளைக்கு ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்துவிடலாம், வீட்டுக்குள்ளேயே தோண்ட வேண்டியிருக்கும் என்றார். அதை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கல்லு இங்க இல்லன்னு வர்றதுக்கு எதாவது வழி இருக்கா? நெசத்தச் சொல்லு.”

“இல்லக்கா.”

“பெட்டி சொல்லாமலே தெரியுதா?”

“கைக்குத் தெரியுது.”

எழுந்தாள். ஒவ்வொரு மாட்டின் கயிறாக அவிழ்த்தாள், என்னை உதவிக்கு விடவில்லை. ஐந்தையும் ஓட்டிக்கொண்டு பின்பக்கச் சரிவில் இறங்கிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாடுகள் அசையாத சமயம் பார்த்துக் கிராணி கை காட்டினான். அடித்தேன். ஆறு. பன்னிரண்டு. பதினைந்து. பதினாறு. பதினேழு. ஒவ்வொன்றையும் அவன் சத்தமாகச் சொல்லாமல் வாய்க்குள் சொல்லி எழுதினான்.

தொட்டி கொட்டகை இடத்துக்கே முடிவாயிற்று. அக்காவுக்குக் குருபோங் பக்கம் ஓரிடம் ஒதுக்கித் தாள் கொடுத்தார்கள். அங்கேயும் கிராண்ட் இல்லை, இருக்கலாம் என்கிற தாள் மட்டும். டவுனிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல். பால் கொண்டுவர அவள் இனி விடியும் முன்பே எழ வேண்டும், பாதி வாடிக்கை போய்விடும். வாங்கி வைத்திருந்த தகரத்தைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான், அதுவும் சேர்ந்து போக வேண்டும்.

கம்பெனி மூவாருக்குக் கிளம்பியது. கிராணியை வைத்துக்கொண்டார்கள். எனக்கும் இடம் இருந்தது. லாரி கோப்பிக்கடை முன்னால் வந்து நின்று ஹார்ன் அடித்தபோது என் பையும் கையில்தான் இருந்தது. பின்னால் வருகிறேன் என்றேன். எப்போது என்று துரை கேட்டார், தெரியாது என்றேன். கிராணி லாரியிலிருந்து எட்டி, “லாப்பான் நாள்ல வந்துடு” என்றான். எட்டு நாளிலா ஒரு நாளிலா என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் லாரி போய்விட்டது.

கொட்டகைக்குப் போனபோது அக்கா வீட்டுப் பலகைகளை ஆணி பிடுங்கி நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் பையை ஓரமாக வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கி வண்டியில் போட்டேன். முதல் நடைக்கு அவள் வண்டிக்கு முன்னால் நடந்தாள், நான் பின்னால். ஆறு கட்டையும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நடைக்கும் அப்படித்தான். குருபோங்கில் இறக்கிய பலகைகளை நான் அடுக்கினேன், அவள் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாள்.

மூன்றாம் நடையில் உத்திரம். நீளமான மரம், ஒரே ஆளால் ஆகாது. ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு மறுமுனையை எப்படித் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டு வலித்தது. அவள் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டாள்.

“இறக்கி வை. கோணக் கைய வெச்சிக்கிட்டு மொதல்லயே தூக்கறான்” என்றாள். வந்து மறுமுனையைப் பிடித்தாள். “நான் சொல்றப்பத் தூக்கு.”